வீடு விற்பவரின் தோற்றம்: எதற்குச் செலவு செய்யலாம், எது வேண்டாம்

கேள்வி இது: ரியல் எஸ்டேட் ஏஜென்ட்டாக வேலை தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. கோட், விலையுயர்ந்த வாட்ச், பெரிய கார், இந்த மூன்றும் இல்லாவிட்டால் பெரிய பார்ட்டி யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்று அலுவலகத்தில் மூத்தவர் சொல்கிறார். கையில் பணம் கம்மி. இந்தத் தொழிலில் தோற்றம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா? முக்கியம் என்றால் முதலில் எதை வாங்குவது?

முக்கியம்தான். ஆனால் அவர் சொன்ன மூன்றும் வரிசையில் கடைசியாக வர வேண்டியவை. காரணம் தெரிந்தால் எதை முதலில் வாங்குவது என்பது தானாக விளங்கும்.

வீடு வாங்க வருகிறவருக்கு, தான் வாங்கும் பொருளில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. சுவருக்குள் ஓடும் ஒயர், தரைக்கடியில் போகும் குழாய், நாலு கை மாறிய பத்திரம், எதையும் நின்ற இடத்தில் சோதித்துப் பார்க்க முடியாது. வாழ்நாள் சேமிப்பைக் கொடுக்கப் போகிறார், மீதிக்குப் பல வருடம் கடன் கட்டப் போகிறார். அவர் மனதில் ஓடுவது ‘இந்த ஆள் எதையாவது பார்க்காமல் விட்டிருப்பாரோ’ என்ற பயம். அந்தப் பயத்துக்குப் பதில் தேட, கண்ணெதிரே இருப்பது நீங்கள் ஒருவர்தான். காலரில் அழுக்கு வரி தெரிந்தால், பத்திரத்தையும் இந்த லட்சணத்தில்தான் பார்த்திருப்பார் என்று அவர் மனம் முடிவு கட்டும். அது நடப்பது அவருக்கே தெரியாது. அதனால் உங்கள் தோற்றம் சொல்ல வேண்டிய ஒரே செய்தி, நீங்கள் கவனமான ஆள் என்பது. வசதியைக் காட்டப் பணம் வேண்டும். கவனத்தைக் காட்டத் தினமும் அரை மணி நேரம் போதும்.

முதல் பார்வை எவ்வளவு வேகமானது என்பதற்கு ஆய்வு உண்டு. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் இருவரும் 2006-ல் வெளியிட்டது அது. முன்பின் தெரியாத ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே, இவரை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பவர் தீர்மானித்துவிடுகிறார். கூடுதல் நேரம் கொடுத்தால் தீர்ப்பு பெரிதாக மாறுவதில்லை, தீர்ப்பின் மேல் உள்ள உறுதிதான் கூடுகிறது. தீர்ப்பு சரியானது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, வேகமானது என்றுதான் சொல்கிறது. அதற்கும் முன்னால், 1920-ல் எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை அலசி இன்னொன்றைக் காட்டினார்: ஒரு விஷயத்தில் நல்ல மதிப்பு வாங்கியவர், சம்பந்தமே இல்லாத மற்ற விஷயங்களிலும் நல்ல மதிப்பு வாங்கிவிடுகிறார். கசங்காத சட்டைக்கும் கணக்குச் சரியாக இருப்பதற்கும் தொடர்பில்லை. ஆனால் மனிதர்கள் தொடர்பு போட்டுக்கொள்கிறார்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பயிற்சி வகுப்புகளில் ‘சொல் 7 சதவீதம், குரல் 38, உடல்மொழி 55’ என்று ஒரு கணக்கைப் பலகையில் எழுதுவார்கள். அது ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. ‘பிடிக்கிறது, பிடிக்கவில்லை’ என்ற உணர்ச்சியைச் சொல்லும்போது வாய் ஒன்றும் முகம் ஒன்றும் சொன்னால் கேட்பவர் எதை நம்புவார் என்பதைப் பற்றியது மட்டுமே அந்தக் கணக்கு. மற்றப் பேச்சுக்கெல்லாம் அது பொருந்தாது என்று அவரே விளக்கியிருக்கிறார். உள்ளளவு எத்தனை சதுர அடி, பொது இடத்தில் பங்கு எவ்வளவு, மாதப் பராமரிப்பு எவ்வளவு என்று கேட்டால் தடுமாறுகிறவரை எந்த உடையும் காப்பாற்றாது. ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். ஆள் என்ற பாதியைக் காலி செய்துவிட்டு ஆடையில் மட்டும் காசைக் கொட்ட வேண்டாம்.

உடை

உடையில் அளவுக்குத்தான் முதலிடம். பிராண்டு, துணியின் விலை எல்லாம் அதற்குப் பிறகு. சட்டையின் தோள் தையல், தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். அரை அங்குலம் கீழே இறங்கினாலே இரவல் சட்டை மாதிரி தெரியும். மேல் பட்டனைப் போட்டபின் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். முழுக்கை, மணிக்கட்டு எலும்பை மூடிக் கட்டைவிரலின் அடிவரை வர வேண்டும். நெஞ்சுப் பக்கம் பட்டன்களுக்கு நடுவே துணி வாய் பிளந்தால் அடுத்த அளவை எடுங்கள். பேன்ட்டின் கீழ்முனை ஷூவின் மேல் ஒரு மடிப்போடு உட்கார வேண்டும். இரண்டு மூன்று மடிப்பு விழுந்தால் நீளம் அதிகம்.

ரெடிமேட் வாங்கும்போது தோளுக்குச் சரியாக இருப்பதை எடுங்கள். பக்கத் தையலைப் பிடிப்பது, கை நீளத்தைக் குறைப்பது, பேன்ட்டின் நீளத்தைச் சரிசெய்வது எல்லாம் தையல்காரருக்கு எளிய வேலை. தோளைத் திருத்துவது சட்டையைப் பாதி பிரித்துத் தைப்பது மாதிரி, யாரும் விரும்பிச் செய்யமாட்டார்கள். சாதாரண விலைச் சட்டையை வாங்கி அளவுக்குத் திருத்திப் போட்டவர், அளவு சரியில்லாத விலையுயர்ந்த சட்டை போட்டவரைவிட எப்போதும் நன்றாகத் தெரிவார்.

நிறத்தில் பலர் கவனிக்காதது வியர்வை. வெளிர்நீலமும் நடுத்தரச் சாம்பலும் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் பருத்தித் துணியில் ஈரத்திட்டு அவற்றில்தான் பளிச்சென்று காட்டும். மூடிக் கிடந்த வீட்டில், ஃபேன்கூட ஓடாத அறையில் பத்து நிமிடம் நின்று பேசினால் அக்குளில் வட்டம் விழுந்துவிடும். வெள்ளையிலும் அடர்நீலத்திலும் அவ்வளவாகத் தெரியாது. உள்ளே கை வைத்த பனியன் போட்டால் முதல் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும்.

துணியைப் பொறுத்தவரை, லினன் காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே கசங்கிவிடும். முழு பாலியெஸ்டர் வியர்வையை உள்ளேயே வைத்து நாற்றமாக்கும். தினசரி ஓட்டத்துக்குப் பருத்தி அதிகமாகவும் பாலியெஸ்டர் குறைவாகவும் கலந்தது ஒத்துவரும். இஸ்திரி போடும்முன் லேபிளைப் பாருங்கள்: இஸ்திரிப்பெட்டிப் படத்துக்குள் ஒரு புள்ளி என்றால் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200 வரை. கலப்புத்துணிப் பேன்ட்டை 200-ல் நேராகத் தேய்ப்பதால்தான் தொடையிலும் பின்பக்கத்திலும் எண்ணெய் தடவியது போல் மினுமினுப்பு வருகிறது, வந்தால் எளிதில் போகாது. உள்பக்கத்தைத் திருப்பிப் போட்டோ, மேலே மெல்லிய பருத்தித் துணியை விரித்தோ தேய்க்க வேண்டும். பருத்திச் சட்டையை லேசாக ஈரம் இருக்கும்போதே தேய்த்தால் பாதி நேரத்தில் மடிப்பு போகும்.

வாரத்துக்கு ஐந்து சட்டை, மூன்று பேன்ட், இரண்டு ஜோடி ஷூ இருந்தால் வண்டி ஓடும். அதோடு இஸ்திரி போட்ட இன்னொரு சட்டை, உறையில் போட்டுக் காரிலோ அலுவலகத்திலோ தொங்கிக்கொண்டே இருக்கட்டும். சீட்பெல்ட் போட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் நெஞ்சில் குறுக்கே ஒரு கசங்கல் கோடு விழும். மதியத்துக்கு மேல் வீட்டு உரிமையாளரைப் பார்க்கப் போகும்போது மாற்றுச் சட்டையின் அருமை தெரியும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கு அப்படியே பொருந்துகிறது: புதுசு வேண்டியதில்லை, துவைத்துத் தேய்த்தது வேண்டும்.

ஷூவும் சாக்ஸும்

தோல் ஷூ ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கேட்கும். உள்ளே இறங்கிய ஈரம் காயாமல் மறுநாளும் போட்டால் தோல் வெடிக்கும், நாற்றமும் பிடிக்கும். இரண்டு ஜோடி சொல்வது அதனால்தான். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். படியேறும்போது உங்களுக்குப் பின்னால் வருகிறவர் கண் மட்டத்தில் இருப்பது உங்கள் குதிகால்தான்.

குடியிருக்கும் வீட்டைக் காட்டப் போனால் ஷூவை வாசலில் கழற்றச் சொல்லலாம். அப்போது வாடிக்கையாளர் முன்னால் நீங்கள் சாக்ஸோடு நிற்பீர்கள். கட்டைவிரலில் ஓட்டை, வெளுத்துப்போன குதிகால், நாற்றம் மூன்றும் ஒரே நொடியில் வெளியே வரும். கயிறு கட்டும் ஷூவென்றால் குனிந்து அவிழ்க்கும்வரை ஒரு குடும்பமே வாசலில் காத்திருக்கும். அதனால் வீடு காட்டும் நாளில் கழற்றி மாட்ட எளிதான ஷூ, பையில் ஒரு ஜோடி புதிய சாக்ஸ். கழற்ற வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்கும், புதிதாகத் தரை போட்ட வீட்டுக்கும் ஷூ மேல் மாட்டும் உறைகள் பத்து ஜோடி பையில் கிடக்கட்டும். வந்தவர்களுக்கும் எடுத்துக் கொடுக்கலாம், உரிமையாளர் அதை மறக்கவேமாட்டார்.

நகம், வாசனை, வாய்

வரைபடத்தை மேசையில் விரிக்கிறீர்கள். எதிரே கணவனும் மனைவியும். ‘இது சமையலறை, இந்தச் சுவரை இடிக்க முடியாது, மேல்தளத்தைத் தாங்குகிறது’ என்று விரலை வைத்துக் காட்டுகிறீர்கள். அந்த இரண்டு நிமிடமும் அவர்கள் நாலு கண்ணும் உங்கள் ஆள்காட்டி விரலின் நுனியில்தான் இருக்கும். அழுக்கடைந்த நகம், கடித்த நகம், உரிந்த நெயில்பாலிஷ், நிகோடின் மஞ்சள் எல்லாம் வரைபடத்தோடு சேர்ந்தே பார்க்கப்படும். வாரம் ஒருமுறை நகம் வெட்டுவதற்குச் செலவே கிடையாது. விரலுக்குப் பதிலாக மூடிய பேனாவால் காட்டுவது இன்னும் நல்லது, கோடு மறையாது. அந்தப் பேனா எழுதும் பேனாவாக, ஊறாத பேனாவாக, பல் பதியாத பேனாவாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட அதைத்தான் அவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். கூடவே இன்னொரு பேனாவும் இருக்கட்டும்.

சென்ட் விஷயத்தில் இந்தத் தொழிலுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. வீடு பார்க்க வருகிறவர்கள் மூக்காலும் பார்க்கிறார்கள். ஈரச் சுவரின் பூஞ்சை வாடை, சாக்கடை வாடை, கேஸ் கசிவு எல்லாவற்றையும் மோந்து தெரிந்துகொள்ள முயல்கிறார்கள். மூடிய சின்ன அறையில் உங்கள் சென்ட் தூக்கலாக அடித்தால், எதையோ மறைக்கத்தான் இது என்ற சந்தேகம் வரும். சிலருக்குத் தலைவலியும் தும்மலும் வந்து, பார்க்க வந்ததைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஒரே வாசனையில் சில நிமிடம் இருந்தால் மூக்கு அதற்குப் பழகி உணர்வதை நிறுத்திவிடும், அதனால் நாம் அடித்திருப்பது அதிகமா என்று நமக்கே தெரியாது. ஒரு அழுத்து, காலையில், உடை போடும்முன். அதற்கு மேல் வேண்டாம்.

வியர்வைக்கு டியோடரன்ட் வேறு, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் வேறு. முன்னது நாற்றத்தை மட்டும் கட்டுப்படுத்தும். பின்னதில் உள்ள அலுமினிய உப்பு வியர்வைத் துளையைத் தற்காலிகமாக அடைக்கும். பின்னதை ராத்திரி படுக்கும்முன் உலர்ந்த தோலில் தடவினால்தான் நன்றாக வேலை செய்யும். காலையில் குளித்தவுடன் ஈரத்தோடு தடவுவதால்தான் ‘எதுவும் கேட்கமாட்டேன் என்கிறது’ என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள்.

வாய் நாற்றத்துக்கு ஒரு முக்கியக் காரணம் வறட்சி. தொடர்ந்து பேசுவதும் காபியும் சிகரெட்டும் வாயை உலர்த்தும். பல் தேய்க்கும்போது நாக்கையும் வழித்து, ஒவ்வொரு சந்திப்புக்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிட்டாய் மெல்லலாம், ஆனால் ஆட்கள் வருவதற்குள் முடித்துவிடுங்கள். சூயிங்கம் மென்றுகொண்டே விலை பேசுகிறவரிடம் யாருக்கும் மரியாதை வராது.

சாவி

தோற்றம் என்று பேசும்போது யாரும் சொல்லாதது சாவி. ஆனால் உடையெல்லாம் சரியாக இருந்தும் மானம் போகிற இடம் இதுதான். வாசலில் ஒரு குடும்பம் நிற்கிறது. ஏஜென்ட் பன்னிரண்டு சாவி கொண்ட கொத்தை எடுத்து ஒவ்வொன்றாக நுழைத்துப் பார்க்கிறார். மூன்றாவது சாவி மாட்டிக்கொள்கிறது. யாருக்கோ போன் போட்டு, ‘எந்த சாவிண்ணே?’ என்கிறார். வீடு இன்னும் திறக்கவில்லை, நம்பிக்கை கதவுக்கு வெளியிலேயே போய்விட்டது.

ஒரு வீட்டுக்கு ஒரு வளையம். அதில் ஒரு அட்டை, அட்டையில் உங்களுக்கு மட்டும் புரியும் எண். முகவரியை எழுதக் கூடாது, தொலைந்தால் எடுத்தவருக்கு வீட்டையே திறந்துவிட்ட கதையாகும். குறித்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய் எல்லாக் கதவையும் ஒருமுறை திறந்து பாருங்கள், ஜன்னல்களைத் திறந்து காற்று விடுங்கள். பல வாரம் பூட்டிக் கிடந்த வீடு என்றால் கழிவறையிலும் தொட்டிகளிலும் தண்ணீர் ஊற்றுங்கள். கழிவுக்குழாயின் வளைவில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிவிட்டால் சாக்கடைக் காற்று நேராக உள்ளே வரும், பாவம் அந்த வீட்டில் குறையே இருக்காது. இந்த வேலைகளைக் கையை மடித்துவிட்டுச் செய்துவிட்டு, முகம் கழுவி, சட்டையைத் தட்டிவிட்டு வாசலில் வந்து நிற்க ஐந்து நிமிடம் மிச்சம் இருக்க வேண்டும்.

கதவைத் திறந்ததும் அவர்களை முதலில் உள்ளே விடுங்கள். பத்துக்குப் பத்து அறையில் நடுவில் நீங்கள் நின்றால் அவர்களுக்குத் தெரிவது உங்கள் முதுகும் பாதி அறையும்தான். கதவோரம் சுவரை ஒட்டி நில்லுங்கள். கூலிங்கிளாஸை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். கண் தெரியாத முகத்தை நம்புவது கஷ்டம். போன் சட்டைப் பையில், சத்தமில்லாமல். உரிமையாளரின் கட்டிலில் உட்காருவது, அவர் கழிவறையைப் பயன்படுத்துவது, மேசையில் கிடப்பதைத் தொடுவது வேண்டவே வேண்டாம். கையில் டேப்போ லேசர் அளவுகருவியோ, ஒரு டார்ச்சோ இருந்தால், ‘அலமாரி நுழையுமா?’ என்ற கேள்விக்கு அங்கேயே அளந்து சொல்லலாம். எந்த வாட்சும் கொடுக்காத மதிப்பை அந்த ஐந்து மீட்டர் டேப் கொடுக்கும்.

வாட்ச், நகை, கார்

ஏஜென்ட்டின் மணிக்கட்டில் பெரிய வாட்சைப் பார்க்கும் வாடிக்கையாளர் மனதில் ஓடும் கணக்கு, ‘நான் கொடுக்கும் கமிஷனில்தானே இது’ என்பது. கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதற்கு நீங்களே காரணம் கொடுத்ததாக ஆகிவிடும். இரவல் பகட்டு இன்னும் மோசம்: வாடகைக்கு எடுத்த சொகுசுக் காரில் வந்தது பின்னால் தெரிந்தால், சொன்ன மற்றதும் வாடகைச் சரக்குதானோ என்று தோன்றும்.

கார் எந்த மாடல் என்பதைவிட, பின் சீட்டு எப்படி இருக்கிறது என்பதைத்தான் ஆட்கள் கவனிப்பார்கள், உட்காரப் போவது அங்கேதானே. பழைய பில், காலி பாட்டில், ஈரத் துண்டு, சிகரெட் வாடை கூடாது. எரிபொருள் நிரம்பியிருக்க வேண்டும், வந்தவர்களை உட்கார வைத்துக்கொண்டு பங்க்கில் வரிசையில் நிற்காதீர்கள். கார் இல்லையென்றால் நேராக இடத்துக்கே வரச் சொல்லிச் சரியான நேரத்துக்கு நீங்கள் முன்னால் நின்றால் போதும். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை. தாமதத்தைத்தான் குறையாக நினைப்பார்கள்.

யாரை, எங்கே பார்க்கிறீர்கள்

விற்கிறவரைப் பார்க்கப் போவதும் வாங்குகிறவரை அழைத்துப் போவதும் ஒன்றல்ல. விற்கிறவர் தன் சொத்தை உங்கள் பொறுப்பில் விடலாமா என்று உங்களைத் தேர்வு செய்கிறார், அங்கே கொஞ்சம் கூடுதலாக முறைப்படி இருப்பது நல்லது. வாங்குகிறவரோடு மணிக்கணக்கில் நடக்க வேண்டும், அங்கே விறைப்பாக இருந்தால் அவர் மனம் திறந்து பேசமாட்டார். வாடிக்கையாளர் உடுத்துவதைவிட ஒரு படி மேலே என்பது பொதுவான அளவு. இரண்டு படி மேலே போனால் அவருக்குக் கூச்சம், ஒரு படி கீழே போனால் உங்களுக்கு மதிப்பில்லை.

காலி மனை, விவசாய நிலம் என்றால் பளபள ஷூவுக்கு அங்கே வேலை இல்லை. கெட்டியான அடிப்பாகம் உள்ள மூடிய காலணி, மண் நிறப் பேன்ட், தொப்பி, தண்ணீர். நாலு மூலைக் கல்லையும் நடந்து போய்க் காட்ட வேண்டும். ஷூ அழுக்காகும் என்று ரோட்டிலேயே நின்று ‘அந்த மரம் வரைக்கும் நம்ம இடம்தான்’ என்று கை நீட்டுகிறவரைப் பார்த்தால், எல்லையில் தகராறு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். கட்டுமானம் நடக்கும் இடத்தில் ஹெல்மெட், மினுங்கும் மேலங்கி, முனையில் இரும்பு வைத்த ஷூ. உங்களுக்கு மட்டும் போதாது, வருகிறவர்களுக்கும் ஹெல்மெட் எடுத்து வையுங்கள். டை, துப்பட்டா, தொங்கும் எதுவும் இயந்திரம் ஓடும் இடத்தில் ஆபத்து.

பெண் ஏஜென்ட்டுகளுக்குத் தனியாக ஒன்று. எந்த உடையானாலும் படியேறவும் குனியவும் வேகமாக நடக்கவும் முடிகிறதா என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். ஒல்லிக் குதிகால் சாக்கடை மூடியிலும் சொருகும், ஈர மண்ணிலும் இறங்கும். தட்டையோ அகலக் குதிகாலோ போதும். காலி வீட்டைக் காட்டும்போது விலையுயர்ந்த நகை வேண்டாம். முதல் சந்திப்பை அலுவலகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எங்கே யாரோடு போகிறீர்கள் என்பதை ஒருவருக்கு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள். அறைக்குள் போகும்போது வந்தவரை முன்னால் விட்டு, வெளியேறும் வழி உங்கள் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். ஆண்களுக்கும் இது பொருந்தும்.

போட்டோ, கார்டு, போன்

இன்று பலருக்கு உங்கள் முதல் தோற்றம் போனில் வரும் சிறு வட்டப் படம்தான். செல்ஃபி வேண்டாம். 2018-ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, 5 அடியிலிருந்து எடுப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். யாரையாவது ஐந்தாறு அடி தள்ளி நிற்கச் சொல்லி, போனில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, கண் மட்டத்தில் எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னலைப் பார்த்து நில்லுங்கள், ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துவிடும். நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக நெளியும், ஒற்றை நிறம் நல்லது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப் படம்.

முகத்தை வெளுப்பாக்கும், தோலை வழவழப்பாக்கும் ஃபில்டரைத் தொடவே தொடாதீர்கள். படத்தில் பார்த்தவர் வேறு, வாசலில் நிற்பவர் வேறு என்றால், வீட்டுப் படத்திலும் இப்படித்தான் செய்திருப்பார் என்ற எண்ணம் அங்கேயே வரும். இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. நிறம், உயரம், எடை, வழுக்கை, வடு எதுவும் தொழில்முறைத் தோற்றத்தில் சேராது. ‘பளிச்சென்று இருக்கிறவர்தான் வேண்டும்’ என்று சொல்லும் முதலாளி தொழிலைப் பற்றிப் பேசவில்லை, தன் மனதில் உள்ள பேதத்தைப் பேசுகிறார். அதை மனதில் ஏற்றிக்கொண்டு க்ரீமுக்குச் செலவு செய்யாதீர்கள்.

வீட்டை வீடியோ எடுக்கும்போது குளியலறைக் கண்ணாடியிலும் டிவி திரையிலும் நீங்கள் தெரிகிறீர்களா என்று பாருங்கள். அரைக்கால் சட்டையோடு கண்ணாடியில் மாட்டிய ஏஜென்ட்டின் வீடியோ வேறு காரணத்துக்காகப் பரவும்.

கார்டு 3.5-க்கு 2 அங்குலம் அல்லது 85-க்கு 55 மில்லிமீட்டர், தாளின் கனம் 300 ஜி.எஸ்.எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையாமல். பின்பக்கம் வழவழப்பு லேமினேஷன் வேண்டாம், அதில் பேனா எழுதாது. வீடு பார்க்க வருகிறவர்கள் விலையையும் தளத்தையும் கார்டின் பின்னால்தான் குறித்துக்கொள்வார்கள். போன் எண்ணின் எழுத்து அளவு பத்து பாயிண்ட்டுக்குக் குறையாமல் இருந்தால் படிக்க எளிது. கார்டு, பலகை, போன் படம் மூன்றிலும் ஒரே முகம், ஒரே பெயர், ஒரே நிறம் இருக்கட்டும். 1971-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய செஞ்சுரி 21 என்ற ரியல் எஸ்டேட் நிறுவனத்தின் ஏஜென்ட்டுகள் போட்ட பொன்னிற கோட் பல ஆண்டுகள் அதன் அடையாளமாக இருந்தது. அழகு என்பதால் அல்ல, எங்கே பார்த்தாலும் இன்னார் என்று தெரிந்ததால்.

மெசேஜும் தோற்றம்தான். இரவு பதினொரு மணிக்கு வரிசையாக இருபது படம் அனுப்பாதீர்கள். ஒரு வீட்டுக்கு ஆறு நேரான படம், கூடவே அளவு, தளம், விலை, பார்க்கக்கூடிய நேரம் நாலு வரியில். தெரியாத கேள்விக்கு ‘கேட்டு நாளை பத்து மணிக்குள் சொல்கிறேன்’ என்று எழுதிப் பத்துக்குள் சொல்லுங்கள்.

எந்த வரிசையில் வாங்குவது

முதல் மாதம்: இருக்கும் உடையில் சரியானதைப் பிரித்து, திருத்தக்கூடியதைத் தையல்காரரிடம் கொடுங்கள். புது சாக்ஸ் ஆறு ஜோடி, நகவெட்டி, ஆன்டிபெர்ஸ்பிரன்ட், ஷூ பாலிஷ், இரண்டு பேனா, டேப், டார்ச், சாவி அட்டை. அடுத்து நல்ல இஸ்திரிப்பெட்டி, கையில் சட்டைகளின் எண்ணிக்கை குறைந்தால் வெள்ளைச் சட்டை இரண்டு. மூன்றாவதாக இரண்டாம் ஜோடி ஷூ. நான்காவது போட்டோவும் கார்டும்.

கோட் இதற்கெல்லாம் பிறகு, பெரிய சொத்து உரிமையாளர்களையும் நிறுவனங்களையும் அடிக்கடிப் பார்க்க வேண்டி வரும்போது. ஒன்றே ஒன்று வாங்குங்கள், அடர்நீலம் அல்லது கரிச்சாம்பல். இங்கேயும் தோள்தான் முதல் சோதனை: சுவரில் பக்கவாட்டில் சாய்ந்தால் உங்கள் தோளுக்கு முன் கோட்டின் திண்டு சுவரைத் தொட்டால் பெரியது. கை நீளம், உள்ளே உள்ள சட்டையின் கை அரை அங்குலம் வெளியே தெரிகிற அளவு. பட்டனைப் போட்டால் வயிற்றில் குறுக்குக் கோடுகள் இழுக்கக் கூடாது. இரண்டு பட்டன் கோட்டில் கீழ்ப் பட்டனைப் போடுவதில்லை. பின்பக்கப் பிளவையும் பாக்கெட்டையும் மூடித் தைத்த வெள்ளை நூல், கைமுனையில் ஒட்டிய பிராண்டு துண்டு இரண்டையும் முதல் நாளே பிரித்துவிடுங்கள். வண்டியில் ஏறும்போது கழற்றித் தொங்கவிட்டு, இறங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.